மூன்றாம் மாடித் திருடன்

சாச்சக் நகரத்தில், மொராவா ஆற்றைப் பார்த்து நிற்கும் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஸ்ரேத்தனுக்குத் தெரியாமல் ஒரு பூட்டு மாறியதில்லை. வாழ்நாளில் பாதியைத் திருகாணித் தொழிற்சாலையின் சரக்கறையில் கழித்தவர். ஓய்வு பெற்றதுமே குடியிருப்போர் சங்கத் தலைவராகிவிட்டார். வேறு யாரும் அந்தப் பதவியைச் சீந்தவில்லை என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சைக்கிள் அறைக்குப் புதுப் பூட்டு, நிலவறைக்கு இரும்புக் கதவு, மொட்டைமாடிக்குச் சங்கிலி என்று கட்டடம் முழுவதையும் ஒரு சரக்கறையாகவே ஆக்கிவிட்டார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பந்தைத் தூக்கி ஒளித்துவைக்கும்.

அதற்காக அவரைக் கஞ்சர் என்று சொல்லிவிடக் கூடாது. நவம்பரில் புனித திமித்ரியின் நாள் வரும். அது நான்காம் மாடியில் இருக்கும் அவர் வீட்டின் ஸ்லாவா, குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கான விருந்து. அன்று அவர் வேறு மனிதர். காலையிலிருந்தே கதவு திறந்து கிடக்கும். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது, அழைத்தால் அது ஸ்லாவா இல்லை. ஒரு முறை வந்தவர் அடுத்த ஆண்டும் தானாகவே வருவார். வராமல் போனால் ஏதோ முறிந்துவிட்டது என்று கட்டடமே புரிந்துகொள்ளும். மேலே ஐந்தாம் மாடியிலிருந்து ஆசிரியை ஸ்தானா வருவார், முதல் மாடியிலிருந்து முடிதிருத்தும் வித்தோமிர் அக்கார்டியனோடு வருவார், நேர் கீழே மூன்றாம் மாடியிலிருந்து ஒப்ராத் எல்லோருக்கும் முந்தி வந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். மேஜையில் பன்றி வறுவலும் முட்டைக்கோஸ் உருண்டையும் தீரவே தீராது. பிளம் சாராயம் உள்ளே போகப் போக ஸ்ரேத்தன் கொடைவள்ளல் ஆகிவிடுவார்.

இந்த வீட்டுக்கு வைஃபை வந்த கதையைச் சொல்ல வேண்டும். இணையக் கம்பெனியின் ஆள் வந்தான், ரௌட்டர் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் மூலையில் செருகினான், காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். ஸ்ரேத்தன் விடுவாரா? நோவி சாத் நகரில் இருக்கும் மகளைத் தொலைபேசியில் பிடித்து உலுக்கி எடுத்துப் பாடம் கேட்டார். பெட்டியை மூலையிலிருந்து எடுத்து நடைக்கூடத்தில், கோட்டு மாட்டும் உயரத்தில் வைத்தார். நான்கு அறைக்கும் அலை சமமாகப் போனது. பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த கடவுச்சொல் கம்பெனிக்காரன் கண்ணில் பட்டது, ஆகவே அது கெட்டுப்போன சொல் என்று மாற்றினார். பெட்டியின் உள் அமைப்புகளுக்குள் நுழைய எல்லோருக்கும் தெரிந்த ஒரே சொல்தான் இருந்தது, அதையும் மாற்றினார். பொத்தானை அமுக்கினால் யார் வேண்டுமானாலும் இணையலாம் என்ற வசதியை அணைத்தார். விருந்தாளிகளுக்கென்று தனி வலை ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். "விருந்தாளி சாப்பிட வர்றானா, போன் பாக்க வர்றானா?" என்று அதையும் அணைத்தார்.

கடவுச்சொல்லை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. அம்மா பிறந்த கிராமம், ராணுவத்தில் தன் துப்பாக்கியின் எண், நடுவே இரண்டு ஆச்சரியக்குறிகள் என்று ஒரு முழ நீளத்துக்கு ஒரு சொல். மனைவி ரோசாந்தாவின் போனில்கூட அவரே வாங்கி அடித்துக் கொடுத்தார். பிறகு வீடு வீடாகப் படியேறி, "உங்க பெட்டியில பழைய பாஸ்வேர்டே இருக்கா? ஐயோ! வாசக்கதவைத் திறந்துபோட்டுட்டுத் தூங்குவீங்களா?" என்று கேட்டு எல்லோருக்கும் பூட்டிக் கொடுத்தார். அந்தப் பகுதியிலேயே இவ்வளவு பத்திரமான கட்டடம் வேறு இல்லை. ஒப்ராத் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. ஒப்ராத்திடம் பெட்டியே இல்லை.

பிப்ரவரியில்தான் சனியன் பிடித்தது. மாலையில் கூடைப்பந்து ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் படம் நின்று நின்று வந்தது. ஸ்ரேத்தன் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். அவர் போன், ரோசாந்தாவின் போன், தொலைக்காட்சி. நான்காவதாக ஒன்று இருந்தது. அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. சரக்கறையில் ஒரு திருகாணி குறைந்தாலும் அவருக்கு அப்படித்தான் ஏறும்.

நான்காவது யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒப்ராத்தின் மனைவி மிலுங்கா பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆஸ்திரியாவில் லின்ஸ் நகருக்குப் போயிருந்தாள். இருந்தும் மாலை வந்தால் தரைக்கு அடியிலிருந்து மிலுங்காவின் குரல் கேட்டது. உப்பைக் குறை என்கிறாள், அந்தச் சட்டையைத் துவைக்கப் போடு என்கிறாள், ஒப்ராத் சிரிக்கிறார். இணையமே இல்லாத வீட்டில் லின்ஸ் எப்படிப் பேசும்?

"பாஸ்வேர்டை மாத்திட்டுப் பேசாம இரேன், மனுஷா," என்றாள் ரோசாந்தா. "ஒரு நிமிஷ வேலை."

"மாத்தினா வலை தப்பிச்சுது. திருடனும்ல தப்பிச்சுடுவான்!"

"ஒப்ராத்தையா திருடன்ங்கறே? நம்ம ஒப்ராத்தையா?"

"என் வாயால நான் யார் பேரையும் சொல்லலையே."

வாயால் சொல்லவில்லை, உண்மைதான். அந்தக் கட்டடத்தில் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை வலையின் பெயராக வைப்பது வழக்கமாகியிருந்தது. போனைத் திறந்தால் சுற்றியுள்ள வலைகளின் பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரியும் அல்லவா? ஸ்தானாவின் வலைக்குப் பெயர் 'ஞாயிறன்று கம்பளம் தட்டாதே'. அதற்குக் கீழேயே முதல் மாடியிலிருந்து 'தட்டுவேன்' என்று பதில் நிற்கும். பேர் வைப்பதில் சண்டையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஸ்ரேத்தன் அதுவரை அந்த விளையாட்டில் சேராதவர். அன்று கடவுச்சொல்லை மாற்றினார், கூடவே தன் வலையின் பெயரையும் மாற்றினார். 'மூன்றாம் மாடித் திருடன்' என்று வைத்தார்.

மூன்றாம் மாடியில் இருப்பது இரண்டே வீடுகள். ஒன்றின் சொந்தக்காரர்கள் ஜெர்மனியில், கதவைத் திறந்தே பல வருஷமாகிறது. ஒரு மணி நேரத்துக்குள் படிக்கட்டு முழுவதும் சிரிப்பு பரவியது. வித்தோமிர் தன் கடையில் ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டு, வாடிக்கையாளருக்குப் போனைக் காட்டினார் என்று கேள்வி. தன் சொல் இப்படி ஊரெல்லாம் ஓடுவது ஸ்ரேத்தனுக்கு முதல் அனுபவம். அதை அவர் ரசித்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. ஒப்ராத் நின்றிருந்தார். எப்போதும் மணியடிக்காமல் உள்ளே வந்து காப்பிப் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பவர், அன்று வாசற்படியைத் தாண்டவில்லை. கையில் போன்.

"தலைவரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவர் ஸ்ரேத்தனைத் தலைவரே என்று கூப்பிட்டதில்லை, 'நீங்க' போட்டதும் இல்லை.

"என்னடா இது, நீங்க நாங்கன்னு? உள்ள வா."

"வேணாம். நேத்து மிலுங்காகூடப் பேசிட்டே சாப்பிட்டுட்டு இருந்தேன். பாதியில அவ முகம் நின்னுடுச்சு. உங்க வலை போச்சோன்னு தேடினேன். அந்த எடத்துல ஒரு பேர் இருந்துச்சு. அதைப் படிச்சிட்டு மீதி சோறு எறங்கல."

ஸ்ரேத்தன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சரக்கறைக்காரர் பின்வாங்குவாரா?

"என் பாஸ்வேர்டை நான் பெத்த பொண்ணுக்குக்கூடச் சொன்னதில்ல, ஒப்ராத். அது உன் போனுக்குள்ள எப்படி வந்துச்சு? மொதல்ல அதைச் சொல்லு."

"எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் என்னன்னே தெரியாது. நீங்கதான் அடிச்சுக் குடுத்தீங்க. திமித்ரி நாளன்னைக்கு, உங்க மேஜையில வெச்சு. மிலுங்கா ஊருக்குப் போறான்னு சொன்னேன். வேணாம் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன், போனைப் பிடுங்கிட்டீங்க."

"நானா? நான் அப்படிச் செய்யிற ஆளே இல்ல. ஊருக்கே தெரியும்!"

அந்தச் சொற்கள் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. சாராயத்தில் கரைந்துபோயிருந்த அந்தப் பிற்பகல் முழுசாக எழுந்து நின்றது. தன் தடித்த விரல்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்து எழுத்தைத் தொட்டது, கடைசியில் சரியாக விழுந்ததும் ஒப்ராத்தின் நெற்றியில் முத்தமிட்டது. "இந்த வீட்டுல உனக்குப் பூட்டே கிடையாதுடா!" என்று தான் கத்தியதுகூடக் காதில் கேட்டது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். "ஐயோ, ஆமாண்டா, மறந்தே போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள், காப்பி கொதித்திருக்கும். ஆனால் மேலே கைப்பிடிச் சுவரில் ஸ்தானாவின் தலை தெரிந்தது. கீழே வித்தோமிர் குப்பைப் பையோடு நின்றுகொண்டிருந்தார், குப்பையைக் கொட்டும் அவசரம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு பேர் பார்க்க ஒரு தலைவர் எப்படி வழிவது?

"எனக்கு அப்படி எதுவும் நினைவில்ல," என்றார் ஸ்ரேத்தன், உரக்க.

ஒப்ராத் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி, தலைவரே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மதியத்துக்குள் ஸ்ரேத்தன் வலையின் பெயரை மாற்றிவிட்டார். பழைய பெயரே திரும்பி வந்தது, ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. ரோசாந்தாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. திமித்ரி நாளன்று அவள் அடுப்படியில் இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள்? வித்தோமிரின் அக்கார்டியன் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது, எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் போதை. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆக, விஷயம் தெரிந்தவர்கள் தானும் ஒப்ராத்தும் மட்டும்தான், ஒப்ராத்தின் பேச்சை யாரும் நம்பப் போவதில்லை. இப்படி நினைத்துத் தேறிக்கொண்ட அடுத்த கணமே தன்னைப் பார்த்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. சவரம் செய்யக் கண்ணாடி முன் நிற்பதையே அவர் அவசர அவசரமாக முடித்துக்கொண்டார்.

வசந்தத்தில் ஒப்ராத் சொந்தமாக இணையம் இழுத்துக்கொண்டார். ஸ்ரேத்தனின் போனில் புதிதாக ஒரு வலை தெரிந்தது, 'ஒப்ராத்' என்ற வெறும் பெயரோடு. குத்தலும் இல்லை, கேலியும் இல்லை. மற்ற எல்லா வலைகளுக்கும் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. கடவுச்சொல் கேட்காத வலை! தெருவில் போகிறவன்கூட நுழையலாம்.

ஸ்ரேத்தனுக்கு உடம்பெல்லாம் அரித்தது. எவனாவது உள்ளே வந்து ஒப்ராத்தின் பெயரில் யாரையாவது மோசடி செய்தால்? போலீஸ் யார் கதவைத் தட்டும்? ஒப்ராத் தன் ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கைக்கூட அந்தப் போனில்தான் பார்க்கிறார். கட்டடத்தில் எல்லோருக்கும் படியேறிப் போய்ப் பூட்டிக் கொடுத்தவர் ஸ்ரேத்தன்தான், இதைச் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆளும் அவர்தான். எந்த முகத்தோடு சொல்வது? ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினார். கதவுக்கு உள்ளே மிலுங்காவின் குரல் கேட்டது: "ரொட்டியை மூடி வைக்க மறக்காதே." ஒப்ராத் ஏதோ முனகினார். மணிமேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டு ஸ்ரேத்தன் மேலே வந்துவிட்டார்.

கோடை முழுவதும் ஒப்ராத் மரியாதை குறையாமல்தான் நடந்துகொண்டார். படியில் பார்த்தால் "வணக்கம், தலைவரே." அவ்வளவுதான். இலை உதிர ஆரம்பித்ததும் ஸ்ரேத்தனுக்கு ஒரே கவலைதான். திமித்ரி நாளுக்கு ஒப்ராத் வருவாரா? வந்துவிட்டால் எல்லாம் மன்னித்தாயிற்று என்று அர்த்தம். வராவிட்டால் அடுத்த ஆண்டும் வரமாட்டார், அதற்கடுத்த ஆண்டும் வரமாட்டார், சாவுக்கு மட்டும் வருவார். கூப்பிடவும் முடியாது. ஸ்லாவாவுக்குக் கூப்பிடும் ஆள் யார் இருக்கிறான்?

"நீ அவர்கிட்ட என்னதான் செஞ்சே?" என்று ரோசாந்தா ஒரு முறை கேட்டாள். "அந்தப் பேர் மட்டும்னா இந்நேரம் ஆறியிருக்கும்."

ஸ்ரேத்தன் சாவிக்கொத்தைத் தேடுவதுபோல் எழுந்து போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. மெழுகுவர்த்தி எரிந்தது, ரொட்டி வெட்டினார்கள், கதவு திறந்து கிடந்தது. ஸ்தானா வந்தார். வித்தோமிர் அக்கார்டியனோடு வந்தார். இரண்டாம் மாடிக்காரர்கள் வந்தார்கள், ரோசாந்தாவின் தம்பி குடும்பம் வந்தது. வருகிறவர் முதலில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளும் இனிப்புக் கோதுமையை ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே நீட்டினாள் ரோசாந்தா. சூப் முடிந்தது, முட்டைக்கோஸ் உருண்டை வந்தது. ஜன்னலோர நாற்காலி காலியாகவே இருந்தது. அதில் உட்கார யாரும் போகவில்லை, அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

ஸ்ரேத்தன் கையிலிருந்த சாராயப் புட்டியை மேஜையில் வைத்தார். விருந்து நடக்கும்போது வீட்டுக்காரன் வீட்டைவிட்டுப் போவது யாரும் கேள்விப்படாத விஷயம். அவர் போனார்.

ஒப்ராத் வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. சமையலறை மேஜையில் ரொட்டிமேல் சாய்த்துவைத்த போனில் மிலுங்காவின் முகம் இருந்தது. ஒப்ராத் தனியாக வறுத்த முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மிலுங்கா, தலைவர் வந்திருக்கார்."

"தெரியுது," என்றது போன்.

ஸ்ரேத்தன் மேஜைக்கு அருகே போய்க் குனிந்தார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அன்னைக்கே எனக்கு நினைவு வந்துடுச்சு, ஒப்ராத். நீ வாசல்ல நின்னு சொல்லிட்டு இருக்கும்போதே."

"தெரியும். உங்க காது ரெண்டும் செவந்துபோச்சு."

"தப்புப் பண்ணிட்டேன்."

மிலுங்காதான் பேசினாள். "இதை ஏன் இவ்வளவு மெதுவாச் சொல்றார்? அன்னைக்குப் படியில நின்னு ஊரே கேக்கிற மாதிரிதானே பேசினாராம்?"

ஸ்ரேத்தனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே உதவியைப் பிடித்துக்கொண்டார். "உன் வலையைப் பூட்டணும்டா. யார் வேணா உள்ள வந்துடுவான். நான் இப்பவே சரி பண்ணித் தரேன், அஞ்சு நிமிஷம்."

"வேணாம்," என்றார் ஒப்ராத். "பூட்டினா ஒரு நாள் யாரையாவது திருடன்னு சொல்லத் தோணும்."

ஸ்ரேத்தன் படியேறினார். நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் வந்தவர் கதவை விரியத் திறந்துவிட்டு, மேஜையின் தலைமாட்டில் போய் நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றார். சத்தமாகத்தான் சொன்னார். "ஒப்ராத் எதையும் திருடல. போன திமித்ரி நாளன்னைக்கு இதே மேஜையில நானே அவன் போனைப் பிடுங்கி அடிச்சுக் குடுத்தேன். பிறகு மறந்துட்டேன். அவன் வந்து கேட்டப்ப நினைவு வந்துச்சு. அப்பவும் இல்லேன்னு சொன்னேன். படியில நான் சொன்னது பொய்."

அடுப்படி வாசலில் ரோசாந்தா தட்டோடு அப்படியே நின்றாள். வேறு யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. வித்தோமிர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆசிரியை ஸ்தானா கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்களுக்குத் தெரியும், ஸ்ரேத்தன்."

"என்ன தெரியும்?"

"நான் உனக்கு எதிர்லதானே உக்காந்திருந்தேன்? எழுத்து தெரியலன்னு என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கிட்டுத்தானே அடிச்சே."

"நான் அக்கார்டியனை நிறுத்திட்டு கை தட்டினேன்," என்றார் வித்தோமிர், தலை நிமிராமல். "நீ சரியா அடிச்சதும் எல்லாருமே தட்டினோம்."

"அப்ப... அந்தப் பேரைப் பாத்தப்ப? படியில நான் இல்லேன்னு சொன்னப்ப?"

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்த ஸ்தானா, மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். வித்தோமிர்தான் வாயைத் திறந்தார். "சிரிப்பா இருந்துச்சு, ஸ்ரேத்தன். வேற யாராவது சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். பிறகு நாளாயிடுச்சு."

திருடன் என்று அவர்கள் ஒரு நாளும் நம்பவில்லை. நம்பாமல்தான் அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். தான் மட்டும் மறைத்துவைத்ததாக நினைத்து ஸ்ரேத்தன் வெந்துபோன அந்த மாதங்களிலெல்லாம், இவர்களும் அதையே ஆளுக்கொன்றாக மறைத்துவைத்துக்கொண்டு படியில் ஒப்ராத்துக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாருக்குமா தெரியும்?"

கேட்டது வாசலிலிருந்து. ஒப்ராத் நின்றுகொண்டிருந்தார், வீட்டுச் செருப்போடு. எப்போது ஏறி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஸ்தானாவின் விரல் விரிப்பின் ஓரத்திலேயே நின்றது.

"இவன் ஒருத்தன்தான் பொய் சொல்றான்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றார் ஒப்ராத். குரல் உயரவில்லை. "நீங்கல்லாம் என்னைத் திருடன்னு நம்பிட்டீங்கன்னு நெனச்சேன். உங்க மூஞ்சியப் பாக்கக் கூசித்தான் குப்பையக்கூட ஆள் இல்லாத நேரம் பாத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். தப்பு செஞ்சவன் மாதிரி."

ஸ்லாவா நாளில் வீட்டுக்காரன்தான் நிற்க வேண்டும், வந்தவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்தானா எழுந்தார். பிறகு வித்தோமிர் எழுந்தார். ஒவ்வொருவராக மேஜையைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்றார்கள், பள்ளியில் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல.

ரோசாந்தா இனிப்புக் கோதுமைத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஒப்ராத்தின் முன் நீட்டினாள். ஒப்ராத் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தார், மென்றார், கரண்டியைத் தண்ணீர்க் குவளைக்குள் போட்டார். நின்றுகொண்டிருந்த யாரையும் அவர் பார்க்கவில்லை. நேராக ஸ்ரேத்தனிடம் வந்தார்.

"நீயாவது வாயத் தொறந்து சொன்னே," என்றார்.

அதற்குப் பதிலாக அவர் நாலு அறை விட்டிருக்கலாம் என்று ஸ்ரேத்தனுக்குத் தோன்றியது.